அறையின் பெயர் ஷிரோமி

பொத்தானை அமுக்கிய கட்டைவிரலை எடுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு, அகஸ்டினா ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தை முணுமுணுக்கிறார். ஜெபம் ‘ஆமென்’னுக்கு வரும் நேரத்தில், சுவரிலிருக்கும் வட்டமான வெள்ளைப் பெட்டியில் நீல விளக்கு மினுக்கத் தொடங்குகிறது. அப்போதுதான் விரலை எடுப்பார். இடையில் எடுத்துவிட்டால் பெட்டி பழையபடி தூங்கிவிடும். முதலிலிருந்து அமுக்க வேண்டும், முதலிலிருந்து ஜெபிக்கவும் வேண்டும்.

“கடிகாரத்தப் பாத்து அமுத்துனா அவசரப்பட்டுக் கைய எடுத்துருவோம்ங்க. மாதாவக் கூப்புட்டா அவசரம் வராது” என்பது அவருடைய விளக்கம்.

அந்தப் பெட்டிதான் தெர்மோஸ்டாட். அறையில் எவ்வளவு சூடு இருக்கிறது என்று பார்த்து, ஹீட்டரைத் தானே போட்டுத் தானே நிறுத்தத் தெரிந்த பெட்டி. நமுனுகுல மலைச்சரிவில், முன்பு தேயிலைத் தோட்டத்துத் துரைமார் இருந்த பங்களாவில், இப்போது அறைக்கு ஒன்றாக இவை சுவரில் உட்கார்ந்திருக்கின்றன. பங்களாவை வாங்கி விடுதியாக்கியவர் பதுளையில் கடை வைத்திருக்கும் மர்ஸூக் முதலாளி. அவர் அனுப்பிய மின்வேலைக்காரர் வந்தார், வயர் இழுத்தார், பெட்டிகளைச் சுவரில் பூட்டினார், தேநீர் குடித்தார், போனார். பெட்டிகளை வைஃபையில் சேர்த்து, எல்லா அறையையும் ஒரே போனுக்குள் கொண்டுவரும் வேலை மட்டும் யார் தலையிலும் விழாமல் கிடந்தது. பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் அகஸ்டினா அதைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கட்டாரில், டோஹா நகரத்தில், பல வருடம் வீட்டுவேலை பார்த்துவிட்டு வந்தவர் என்பதால் தோட்டத்தில் அவர் பெயரே டோஹாக்கா என்றாகிவிட்டது. அகஸ்டினா வீடு எது என்று கேட்டால் வழியில் நிற்பவர்கள் சற்று யோசித்துவிட்டுத்தான் கையைக் காட்டுவார்கள். ஐம்பதைத் தாண்டிய வயது, ஒடிசலான உடம்பு. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் பச்சை ஜாக்கெட். காலில் கம்பளிச் சாக்ஸ், அதற்கு மேல் ரப்பர் செருப்பு. செருப்பு வார் சாக்ஸைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஒரு வேலை முடிந்தால் “கலாஸ்” என்று அரபில் சொல்லி இரண்டு கையையும் தட்டிக்கொள்வார். ஒருமுறை பூசை முடிந்ததும் கோவிலுக்குள்ளேயே அப்படிச் சொல்லிவிட்டார். பீடத்தருகே நின்ற பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இன்றைக்கும் தோட்டத்தில் பேச்சாக இருக்கிறது.

வேலை லேசாக முடியவில்லை. கடைக்கோடி அறைப் பெட்டி ஒன்று, எத்தனை மரியே சொன்னாலும் மினுக்குவதோடு சரி, சேர மாட்டேன் என்று அடம்பிடித்தது. அகஸ்டினா கோபித்துக்கொள்ளவில்லை. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே யோசித்தவர், எழுந்துபோய் போனில் வைஃபையை மாற்றினார்; பெட்டி சேர்ந்துகொண்டது. இந்த வைஃபையில் இரண்டு லைன் ஓடுகிறது, ஒன்று வேகமாகப் போவது, மற்றது மெதுவாகப் போவது. பெட்டிக்கு மெதுவாகப் போவதுதான் சரிப்படும் என்று பிறகு சொன்னார். டோஹா வீட்டிலும் இதே கூத்துத்தானாம்.

மாலையில் மூடுபனி இறங்கத் தொடங்கியதும் அவர் போனைத் திறந்து அறை அறையாகப் பார்ப்பதை ஒரு தரம் பார்க்க வேண்டும். விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும் கங்காணியின் தோரணை வந்துவிடும். “ஓடப் பக்கம் பத்தொம்போது. மாடி ரூமு இருவது. ஏறு, ஏறு” என்று பெட்டிகளை அதட்டுவார். வெள்ளைக்காரர்கள் குளிரைத் தேடி இவ்வளவு தூரம் வருகிறார்கள், வந்து இறங்கியதும் குளிருகிறது என்று முறைப்பாடு சொல்கிறார்கள் என்பதில் அவருக்குத் தீராத சிரிப்பு. விருந்தாளி வேறு கணக்குச் சொல்லும் வரை எல்லா அறைக்கும் அவர் வைப்பது இருபத்துநான்குதான்.

அந்த இருபத்துநான்கு டோஹாவிலிருந்து வந்தது. அங்கே கதை தலைகீழ். வெளியே வெயில் தீயாக எரியும், வீட்டுக்குள் ஏசி விறைக்கவைக்கும். அந்த வீட்டில் நூரா என்ற பிள்ளையைக் கைக்குழந்தையாக அகஸ்டினாவின் மடியில் கொடுத்தார்கள். தாய்க்காரி வேலைக்குப் போன இடத்திலிருந்து போனில் பிள்ளையின் அறையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருபத்திரண்டு என்று காட்டினால் போதும், அழைப்பு வந்துவிடும். ‘அகஸ்டினா, இருபத்துநாலு.’ அவ்வளவுதான் பேச்சு. நடக்கத் தெரிந்ததும் நூரா நாற்காலியில் ஏறி நின்று அந்தப் பெட்டியைத் திருகுவாள். எண் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அகஸ்டினாவின் காதில் இன்னும் இருக்கிறது. அந்தப் பாலைவன ஊரையும் அந்தப் பளிங்குத் தரையையும் நினைத்து ஏங்குவார் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. ஏங்குகிறார். நூரா இப்போது பெரிய பெண்ணாகியிருப்பாள், என்னைத் தெரியுமோ தெரியாதோ என்று சொல்லும்போது குரல் தணிந்துவிடும்.

தணிவதற்கு வேறு காரணமும் உண்டு. நூராவின் முதல் பல்லைக் கண்டவர் அகஸ்டினா. தன் மகள் ஷிரோமியின் முதல் பல் விழுந்ததைப் போனில்தான் கேட்டார்.

கணவர் பாக்கியநாதன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது ஷிரோமி பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்த நேரம். பறித்த கொழுந்து இரண்டு வயிற்றுக்குப் போதவில்லை. பிள்ளையைக் கணவரின் அக்கா ஞானப்பூவிடம், லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் விட்டுவிட்டு விமானம் ஏறினார். ஞாயிறுதோறும் போன். மார்கழி வந்தால் முதல் கேள்வி குளிருதா என்பதுதான். “இல்லம்மா, நல்லா சூடா இருக்கேன்” என்பாள் ஷிரோமி. ஒரு தடவைகூட வேறு பதில் வந்ததில்லை. நூராவின் அறைச் சுவரில் இருபத்துநான்கைப் பார்த்துக்கொண்டே அகஸ்டினா அதை நம்புவார்; நம்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்.

திரும்பி வந்தபோது மகள் சேலை கட்டியிருந்தாள். பங்களாவுக்குக் கீழே, தேயிலை மலையோரத்தில், அவர் அனுப்பிய பணத்தில் தகரக் கூரை போட்ட தனி வீடு எழும்பியிருந்தது. அந்த வீட்டில் ஷிரோமி ஒரு நாளும் தங்கியதில்லை. கிறிஸ்மஸுக்கு வருவாள், கேக்குக் கொண்டுவருவாள், சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பாள், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பிவிடுவாள். சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. சண்டை போட்டாலாவது தேவலை என்று அகஸ்டினாவுக்குத் தோன்றும். லுணுகலையிலேயே சுரேஸ் என்ற நல்ல பையனைக் கட்டிக்கொண்டாள். வளைகாப்பு வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பிறகுதான் சிக்கல். தலைப்பிள்ளைப் பேறு முடிந்தால் பெண் தாய்வீட்டுக்கு வந்து இருப்பதுதானே வழக்கம். ஷிரோமி வரத் தயங்கினாள். நேரே சொல்லவில்லை, சுரேஸ் மூலமாகச் சொல்லியனுப்பினாள். நமுனுகுலப் பக்கம் குளிர் அதிகம், பச்சைப்பிள்ளை தாங்காது, ஞானப்பூ அத்தை வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று. சுரேஸ் இதைச் சொல்லும்போது தலையைச் சொறிந்துகொண்டே நின்றான். அத்தை வீட்டிலும் அதே மலை, அதே குளிர் என்பது அவனுக்கும் தெரியும், அகஸ்டினாவுக்கும் தெரியும். குளிர் ஒரு சாக்கு. ஆனால் சாக்கு என்று தெரிந்தாலும் அதைத் தீர்த்துவைப்பதைத் தவிர ஒரு தாய் வேறென்ன செய்வது?

“குளுருதானே. அத நான் பாத்துக்கிறேன்னு சொல்லுங்க” என்றார் அகஸ்டினா.

பங்களாவில் மிஞ்சிய ஒரு ஹீட்டரையும் ஒரு பெட்டியையும் மர்ஸூக் முதலாளியிடம் கேட்டு வாங்கினார். மகளுக்கென்று ஒதுக்கிய அறையில் யன்னல் இடுக்குகளுக்குத் துணி அடைத்தார். பங்களா வைஃபை வீடுவரை எட்டவில்லை. பங்களாவில் சமைக்கும் குசினியின் பின்யன்னலில், சிக்னலை எட்டித் தள்ளும் ஒரு ரிப்பீட்டரை வைத்து, அதன் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பி, ஒரு வழியாக எட்டவைத்தார். கடைசிப் பெட்டியைப் பிடித்து அமுக்கிக்கொண்டு நின்ற அன்று ஒரு மரியேக்குப் பதில் ஜெபமாலையில் ஒரு சுற்று, பத்து மரியேயும் சொல்லிவிட்டார். நீல விளக்கு எப்போதோ மினுக்கிவிட்டது. இந்த அறைக்கு என்ன பெயர் என்று போன் கேட்டது. மற்ற அறைகளுக்கெல்லாம் இருக்கும் பக்கத்தைப் பெயராகப் போட்டிருந்தவர், இதற்கு ஷிரோமி என்று எழுதினார். கலாஸ் சொல்ல மறந்துபோனார்.

அறைகளெல்லாம் மர்ஸூக்கின் போனிலும் தெரியும். இரண்டு நாள் கழித்து அவர் பதுளையிலிருந்து கூப்பிட்டார்.

“அதென்னங்க ஷிரோமின்னு ஒரு ரூமு? புக்கிங்ல இல்லயே?”

“அது பழைய புக்கிங் மொதலாளி” என்றார் அகஸ்டினா. “ஆள் வந்து சேரத்தான் இவ்வளவு காலம் ஆயிருச்சு.”

மர்ஸூக்குக்கும் மகள்கள் உண்டு. வேறெதுவும் கேட்காமல், பிள்ளை என்ன பிள்ளை என்று மட்டும் விசாரித்துவிட்டு வைத்தார்.

ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே நமுனுகுலைக்கே வந்தார்கள். சாக்குத் தீர்ந்துபோனதாலோ, சுரேஸ் ஏதும் பேசியதாலோ, ஷிரோமி வந்துவிட்டாள். கதவைத் திறந்ததும் கதகதப்பான காற்று முகத்தில் பட, அவள் வாசலிலேயே ஒரு கணம் நின்றதை அகஸ்டினா பார்த்தார். முதல் இரண்டு நாளும் அந்த வீட்டுக்கு நல்ல நாள். பேரப்பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டே, ஷிரோமியைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போன காலத்தைச் சொன்னார். பால் கொடுக்கும் நேரத்துக்கு மலையிலிருந்து ஓடிவருவாராம்; கூடையை இறக்குவதற்குள் பால் சுரந்து சட்டை நனைந்துவிடுமாம். அங்கிருந்த ஆயாம்மா, உன் மகள் அழுது உன்னைக் கூப்பிடுவதில்லை, உன் காலடிச் சத்தம் கேட்டதும்தான் அழத் தொடங்குகிறாள் என்று சொன்னாராம். ஷிரோமி கேட்டுக்கொண்டிருந்தாள். அதெல்லாம் எனக்கு ஞாபகமில்லை என்றாள், ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் ஞானப்பூ துணைக்கு வந்து இறங்கினார். இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உறை தைப்பதில் அடங்காத ஆசை உள்ளவர். ரேடியோவுக்கு உறை, டிவிக்குப் பூ வைத்த உறை, ரைஸ் குக்கருக்கு உறை, வேதாகமத்துக்கு வெல்வெட் உறை. முன்னொரு காலத்தில் பங்களாத் தேநீர்ச் சாடிகளுக்குப் பஞ்சு வைத்து உறை தைத்துக் கொடுத்த கை. லயத்தில் ஒரு பெறுமதியான சாமான் வந்தால், பனி படாமல், புகை படாமல் அதை மூடிவைப்பதுதான் மரியாதை. அந்த மரியாதையை அவர் எந்தச் சாமானுக்கும் குறைத்ததில்லை.

அன்று பகல் முழுக்க மழை. பங்களாவில் ஒரு கூட்டம் விருந்தாளிகள். அகஸ்டினா அடுப்படியை விட்டு அசைய முடியவில்லை. கறிக்கும் சோற்றுக்கும் நடுவே போனைத் திறந்து பார்த்தார். ஷிரோமி, இருபத்துநான்கு. மேலே எல்லா அறைகளும் மழைக்குச் சூடு குறைந்து ஏறி இறங்கிக்கொண்டிருக்க, அந்த அறை மட்டும் அசையாமல் நின்றது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மகளுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார், சூடாக இருக்கிறதா என்று. இருக்கிறதம்மா என்று உடனே பதில் வந்தது. மறுபடி பார்த்தார், இருபத்துநான்கு. மறுபடி கேட்டார், மறுபடி அதே பதில். பிற்பகலில்தான் பத்தியச் சோற்றைக் கட்டிக்கொண்டு, தலையில் ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு, மழையில் கீழே இறங்கினார்.

அறைக் கதவைத் திறந்தால் வெளியே இருந்த குளிர் உள்ளேயும் இருந்தது. ஹீட்டர் அணைந்து கிடந்தது. கட்டிலில் ஷிரோமி ஞானப்பூவின் பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு குறுகிப் படுத்திருந்தாள்; பிள்ளையைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்திருந்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது.

அகஸ்டினா சுவரைப் பார்த்தார். தெர்மோஸ்டாட்டுக்குச் சிவப்பு பிளானல் உறை. பஞ்சு வைத்துத் தைத்து, ஓரத்தில் வெள்ளைச் சுருக்கு விட்டு, பின்னால் நாடா போட்டு இறுக்கி முடிந்திருந்தது. காலையில் அறை சூடாக இருந்தபோது மாட்டியது. உள்ளே அகப்பட்ட சூட்டோடும் தன் சொந்த மின்சூட்டோடும் பெட்டி தன்பாட்டுக்குச் சுகமாக இருந்துகொண்டு, அறையும் சுகமாக இருக்கிறதென்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

குசினியிலிருந்து எட்டிப் பார்த்த ஞானப்பூவின் முகத்தில் சந்தோஷம். “பனி பட்டா பழுதாயிரும்ல அகஸ்டினா. அதான் தச்சுப் போட்டேன். அளவு சரியா வந்திருக்கா?”

“சரியா வந்திருக்கு மதினி” என்றார் அகஸ்டினா. அவரைக் கோபிக்க மனம் வரவில்லை. தன் பிள்ளையை வளர்த்த கை அது. நாடாவை அவிழ்த்து உறையைக் கழற்றினார். பெட்டியிலிருந்த எண் மெல்ல இறங்கத் தொடங்கியது. இருபத்திரண்டு, இருபது, பதினெட்டு என்று போய்ப் பதினாறில் நின்றது. ஹீட்டர் ‘டக்’கென்று உயிர் பெற்றது.

அகஸ்டினா கட்டிலருகில் வந்தார். இரண்டு தடவை கேட்டேனே, ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார்.

ஷிரோமி பிள்ளையின் தலையைத் துணியால் மூடிவிட்டாள்.

“ஒங்க போன்ல இருவத்திநாலுன்னு இருந்துச்சுல்ல. நீங்க சந்தோசமாக் கேட்டீங்க” என்றாள். “எப்பவும் சொல்றத சொல்லிட்டேன்.”

“எப்பவுமா?”

“டோஹாவுக்கும் அதத்தானேம்மா சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

மார்கழியில் அத்தையும் தானும் அடுப்பங்கரைச் சாம்பலோரத்தில் சாக்கை விரித்துப் படுத்ததை, விடிந்தால் கால் விறைத்து எழுந்திருக்க முடியாமல் இருந்ததை, குற்றம் சொல்லும் குரலில் அல்ல, யாரோ ஒருத்தியின் கதையைப் போல ஷிரோமி சொன்னாள். அகஸ்டினா நின்றபடியே கேட்டார். ஞாயிறுதோறும் தான் நிம்மதியாகத் தூங்கப் போனது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

“குளுருதுன்னு ஒரு தடவ சொல்லியிருந்தா, எல்லாத்தையும் போட்டுட்டு வந்திருப்பேனே தாயி.”

“வந்துருவீங்கன்னுதான் சொல்லல” என்றாள் ஷிரோமி. “சொல்லணும்னு எல்லா ஞாயித்துக் கெழமையும் நெனப்பேன்.”

அகஸ்டினாவுக்குப் பிள்ளையைத் தூக்க வேண்டும்போல் இருந்தது. நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார். மழையில் வந்த கை, விரலெல்லாம் பனிக்கட்டியாக இருந்தது. சூடு ஏறட்டும் என்று இரண்டு கையையும் ஜாக்கெட்டுக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு, கட்டிலோரத்தில் அப்படியே நின்றார். கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

ஷிரோமி பிள்ளையை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கிடத்திவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அம்மாவின் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு அந்த இரண்டு கைகளையும் வெளியே இழுத்தாள். கம்பளிக்குள் கொண்டுபோய், தன் கழுத்தடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.